கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம்

சுப்பிரமணியன் என்கிற பெயரைப் பக்கிரி முதலில் கேட்டது கருவாட்டுக் குழம்புச் சோறு தின்றுகொண்டிருந்தபோது. அதற்கப்புறம் வெகுநாள் அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்காமல் போயிற்று.

“கம்ப்யூட்டர அணைச்சி வெச்சாலும் உள்ள ஒரு கடியாரம் ஓடிக்கிட்டே இருக்குமாம் மாமா. சுப்பிரமணியன் சார் சொல்றாரு,” என்றாள் அஞ்சலாட்சி. “எங்களுதுல அதுதான் பின்னுக்குப் போவுதாம்.”

“யாரு அது?”

“மெட்ராஸ்லேர்ந்து வர்ற எஞ்சினியரு. கம்ப்யூட்டர் வித்த கம்பெனி ஆளு.”

பக்கிரி ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான்.

எண்பத்தெட்டாம் வருஷம் அது. பக்கிரி மில்லில் எலக்ட்ரீஷியன். முத்தியால்பேட்டையில் அவன் குடியிருந்த தெருவில் ரேடியோ பேசாவிட்டாலும், மிக்சி சுற்றாவிட்டாலும், இஸ்திரிப் பெட்டி சுடாவிட்டாலும் ஜனங்கள் நேரே அவன் வீட்டுக்குத்தான் வருவார்கள். வேலை முடிந்து வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, கூடத்தில் பாயை விரித்துப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தான் என்றால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அஞ்சலாட்சி பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பாள். “கொஞ்சம் இந்தாண்ட”, “மேல”, “ஆடாத” என்று அவன் சொல்லச் சொல்ல வெளிச்சம் நகரும். கல்யாணமான நாளிலிருந்து அது அப்படித்தான்.

அஞ்சலாட்சி பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியவள். ஊரோரத்து மேட்டுப்பாளையத்தில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தாள். போன வருஷம் முதலாளி ராமலிங்கம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கென்று கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி வைத்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று போர்டும் மாட்டினார். ஆபீசில் இருந்தவர்களில் அதைத் தொட்டுப் பழகத் துணிந்தவள் அஞ்சலாட்சிதான். அவளையே ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததிலிருந்து பில் போடுவது, சம்பளக் கணக்கு, எல்லாம் அவள் கையில்.

அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம்தான் பின்னுக்குப் போனது. சாயந்திரம் சரியாக இருக்கும். காலையில் வந்து போட்டால் அரைமணி, முக்கால்மணி குறைவாகக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை கழிந்து வந்தால் தேதியே தப்பாக இருக்கும். அஞ்சலாட்சி தினமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். ஒருநாள் அவள் வருவதற்கு முன்னால் யாரோ அவசரத்துக்கு ஒரு பில்லைப் போட்டு லாரியை அனுப்பிவிட்டார்கள். பில்லில் முந்தாநாள் தேதி. செக்போஸ்ட்டில் லாரியை மடக்கி ஒருநாள் முழுக்க நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ராமலிங்கம் மெட்ராஸுக்குப் போன் போட்டு எஞ்சினியரைக் கூப்பிட்டது.

சுப்பிரமணியன் வந்தார். பேட்டரியை மாற்றினார். கொஞ்சநாள் நன்றாக இருந்தது. மறுபடி பின்னுக்குப் போயிற்று. மறுபடி வந்தார்.

வீட்டில் அந்தப் பெயர் வளர்ந்தது. சுப்பிரமணியன் சார் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டாராம். சுப்பிரமணியன் சார் ஒவ்வொரு ஸ்குரூவையும் கழற்றும்போது எந்த இடத்தது என்று தெரிய, வெள்ளைத் தாளில் வரிசையாக அடுக்கி வைப்பாராம். சுப்பிரமணியன் சார் என்ன கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல் சொல்லித் தருவாராம்.

கடைசியாகச் சொன்னது பக்கிரியைத் தைத்தது. அவனிடம் அவள் ஒன்றைக் கேட்டால், “ஒனக்கு அது புரியாது, நீ வெளிச்சத்தப் புடி” என்பான். கோபத்தில் சொல்வதில்லை, வேலை ஓட வேண்டுமே என்று சொல்வது. ஆனாலும் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

“அவருக்கு என்னா வயசிருக்கும்?” என்று ஒருநாள் கேட்டான், டார்ச்சுக்குப் பேட்டரிக் கட்டை போட்டுக்கொண்டே.

“யாருக்கு?”

“அதான், ஒங்க சாருக்கு.”

“நான் கேக்கல. முப்பது இருக்கும்.”

“கல்யாணம்?”

“மாமா, நான் பில்லு போடப் போறேனா, மாப்பிள்ள பாக்கப் போறேனா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அவன் எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் புரட்டிப் பார்த்தான்.

அப்புறம் சனிக்கிழமைகள் தொடங்கின. சனிக்கிழமை அந்தக் கம்பெனிக்கு அரைநாள். ஒரு மணிக்கெல்லாம் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அஞ்சலாட்சி மட்டும் பொழுது சாயும்போதுதான் வந்தாள். கேட்டால், “சுப்பிரமணியன் சார் வந்திருந்தாரு. பக்கத்துல ஆள் இருக்கணுமில்ல” என்பாள். ஒரு சனிக்கிழமை, இரண்டு சனிக்கிழமை என்று அது வழக்கமாகவே ஆகிவிட்டது. பெண்குழந்தை லட்சுமியை அடுத்த தெருவிலிருந்த அவள் அம்மா பார்த்துக்கொண்டாள். பக்கிரி சும்மா இருக்கப் பார்த்தான். முடியவில்லை. அவள் முகத்தைப் பார்ப்பான். களைப்பாக இருக்கும், ஆனால் உள்ளே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிற முகம். சோறு போடும்போதே எங்கோ யோசனையாகப் பார்ப்பாள். ஒருதரம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே தானாகச் சிரித்தாள்.

எதிர்வீட்டு ராஜாம்பாள் ஒரு சனிக்கிழமை பிற்பகல் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மில்லில் காலை ஷிப்ட் முடிந்து பக்கிரி அப்போதுதான் வந்திருந்தான்.

“நியூசே வரல பக்கிரி, கொர்ருங்குது,” என்றவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “அஞ்சலாட்சி இன்னும் வரலியா? சனிக்கெழமைகூட ஆபீஸா?”

“வேலையிருக்குது.”

“இருக்கும், இருக்கும். கம்ப்யூட்டருன்னா சும்மாவா,” என்றாள் ராஜாம்பாள். அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கிரிக்குக் காது சுட்டது.

பெட்டியைத் திறந்தான். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் ராடைக் காணவில்லை. மெல்லிய முனையுள்ளது, மெட்ராஸ் பர்மா பஜாரில் தேடி அலைந்து வாங்கியது. யாரையும் தொடவிடாமல் துணியில் சுற்றி வைத்திருப்பான். துணி மட்டும் இருந்தது. ஈயக்கம்பிச் சுருளும் இல்லை. பெட்டியைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தான்.

காலையில் அவள் கிளம்பும்போது, “இன்னிக்கும் லேட்டாவும் மாமா, சுப்பிரமணியன் சார் வராரு” என்று சொன்னது ஞாபகம் வந்தது. கையில் துணிப்பை ஒன்று கூடுதலாக இருந்ததும் ஞாபகம் வந்தது.

தன் ராடை எடுத்துப்போய் அந்த ஆள் கையில் கொடுத்திருக்கிறாள். மற்றதையெல்லாம்கூட அவன் எப்படியோ விழுங்கியிருப்பான். இதை விழுங்க முடியவில்லை.

“நாளைக்கு வாங்க ஆயி,” என்று ராஜாம்பாளை அனுப்பிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. மேட்டுப்பாளையம் போகிற வரைக்கும் என்ன கேட்க வேண்டும் என்று சொல் சொல்லாகச் சேர்த்துக்கொண்டே மிதித்தான். அந்த ஆளை என்ன கேட்பது, அவளை என்ன கேட்பது, யாரை முதலில் கேட்பது.

கம்பெனி கேட்டில் அம்மாவாசை உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில், அதாவது நகரசபை ஆபீசில், டவாலி போட்டு நின்றவர். இன்றைக்கும் யார் வந்தாலும் “போன்ழூர் முசே” என்றுதான் எழுந்திருப்பார்.

“போன்ழூர். என்னா பக்கிரி, இவ்ளோ வேகமா?”

“எஞ்சினியர் உள்ள இருக்காரா?”

“எந்த எஞ்சினியரு?”

“அதான், மெட்ராஸ்காரரு. சுப்பிரமணியன்.”

அம்மாவாசை கண்ணைச் சுருக்கினார். “அந்தப் புள்ளாண்டான் வேலைய வுட்டுட்டு பெங்களூருக்குப் போயிட்டானே. அவன் வந்து எவ்ளவோ நாளாச்சே. மழைக்கு முன்னாடி வந்தவன்.”

பக்கிரிக்குச் சைக்கிள் கைப்பிடி வழுக்கியது. சேர்த்துவைத்த சொல்லெல்லாம் சிதறிப்போயிற்று. அவள் பொய் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் உள்ளே இருப்பது யார்?

“வேற யாராவது வந்தாங்களா?”

“யாரும் இல்லியே. ஒம் பொண்டாட்டிதான் ஏதோ கணக்கு பாக்கணும்னு இருக்குது. போ, போய்ப் பாரு.”

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஒரே ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. அஞ்சலாட்சியுடையது. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது. உள்ளே பார்த்தான்.

கம்ப்யூட்டரின் மேல்மூடி கழற்றித் தரையில் இருந்தது. வெள்ளைத் தாளில் ஸ்குரூக்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அஞ்சலாட்சி மேஜை மேல் குனிந்திருந்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். அவள் கையில் அவன் ராடு புகைந்துகொண்டிருந்தது.

கதவு திறந்த சத்தத்தில் நிமிர்ந்தாள். டார்ச்சை எடுத்தாள். முகத்தில் பயம் தெரிந்தது. அவனைப் பார்த்ததும் பயம் போய் வேறொன்று வந்தது. எரிச்சல்.

“நீ எதுக்கு வந்த?”

“சுப்பிரமணியன் சார் வரலியா?” என்றான் பக்கிரி.

அவள் ராடைத் தாங்கியில் வைத்தாள்.

“அவரு போயிட்டாரு மாமா. போறப்ப சொன்னாரு, பழைய பேட்டரி கசிஞ்சி போர்டுல ஒரு கோடு அரிச்சிப் போச்சு, அதனாலதான் புதுப் பேட்டரி போட்டாலும் நிக்கல, போர்ட மெட்ராஸுக்கு அனுப்பணும்னு. அனுப்புனா எப்ப வருமோ. ஒரு வயரப் போட்டுப் பத்தவெச்சாலும் சரியாவும், ஆனா அப்டிச் செய்ய எங்க கம்பெனி உடாதுன்னும் சொன்னாரு. நான் அதப் புடிச்சிக்கிட்டேன். கெட்டுப்போன ரேடியோ போர்டு ஒண்ணு நம்ம பரண்ல கெடந்துச்சில்ல, அத இங்க கொண்டாந்து சனிக்கெழமை சனிக்கெழமை பழகிப் பாத்தேன்.”

“மொதலாளிக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா வேலை போவும்.”

“அப்ப எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்ன? அந்தாளு வராரு வராருன்னு.”

“ஒரு ஆம்பள வந்து பாக்குறாருன்னா நீ கேட்டுக்கிட்டு சும்மா இருப்ப. நான் பாக்குறேன்னு சொன்னா சும்மா இருப்பியா? அடுத்த நிமிஷம் சைக்கிள்ல வந்து நிப்ப. குடு இங்க, ஒனக்குத் தெரியாது, வெளிச்சத்தப் புடின்னுவ.”

சும்மா இருந்தேனா, எத்தனை நாள் தூங்கவில்லை தெரியுமா என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொன்னால் எதற்காகத் தூங்கவில்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வெட்கத்தில் வேறெங்கோ பார்த்தான். பார்த்த இடத்தில் போர்டு இருந்தது. பேட்டரியைச் சுற்றிச் செம்புப் பாத்திரத்தில் படிகிற மாதிரி பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கை தானாக அதை நோக்கிப் போயிற்று.

“தொடாத,” என்றாள் அஞ்சலாட்சி.

அவன் கையை இழுத்துக்கொண்டான். அவள் டார்ச்சை அவனிடம் நீட்டினாள்.

அன்று பிற்பகல் முழுக்கப் பக்கிரி வெளிச்சம் பிடித்தான். அவள் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பழைய பல்பிரஷ்ஷால் களிம்பைத் துடைத்தாள். அறுந்த கோட்டின் இரண்டு முனையையும் பிளேடால் மெல்லச் சுரண்டினாள். செம்பு மினுங்கியது. மயிர் மாதிரி ஒரு கம்பியை வெட்டி, இடுக்கியால் பிடித்து, முனையில் ராடை வைத்தாள். அவன் வாய் ஓயாமல் துறுதுறுத்தது. ராடைச் சாய்த்துப் பிடி, அவசரப்படாதே, முதலில் இடத்தைச் சூடாக்கு. “கொஞ்சம் சாய்ச்சி—” என்று ஒருதரம் வந்தும்விட்டது. அவள் ராடை எடுத்துவிட்டு அவனையே பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

ஈயம் உருகி, ஓடி, நின்றது. சின்ன முத்து மாதிரி உருண்டையாக, பளபளப்பாக. மங்கலாக இருந்தால் பற்று சரியில்லை என்று அர்த்தம். இது அவன் வைத்ததைவிட நன்றாக இருந்தது. இன்னொரு முனையிலும் அப்படியே.

எஞ்சினியர் மேல் இருந்த எரிச்சல் எப்போது போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. இன்னொரு ஆண் என்றால் கோபப்படலாம், கேள்வி கேட்கலாம், ஊரைக் கூட்டலாம். இதற்கு என்ன செய்வது? தன் பெண்டாட்டி கை தன் கையைவிட நன்றாக ஈயம் வைக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் சரியான நேரம் காட்டியது. செவ்வாயும் காட்டியது. அஞ்சலாட்சி வாயைத் திறக்கவில்லை. ஆனால் ராமலிங்கம் விடுகிறவர் இல்லை; திரையின் மேல் கண் வைத்தபடியே இருப்பவர். யார் சரிசெய்தது என்று விசாரித்தபோது அம்மாவாசை முந்திக்கொண்டு, “சனிக்கெழமை பக்கிரி வந்தான் முசே. மில்லுல கரண்டு வேலை பாக்குறவன். ரொம்ப நேரம் உள்ள இருந்தான்” என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயந்திரம் அவளைக் கூட்டிப்போகப் பக்கிரி கேட்டில் நின்றான். ராமலிங்கம் காரில் ஏறப்போனவர் திரும்பி வந்தார்.

“நீதான் பக்கிரியா? கையக் குடுய்யா. எத்தன மாசமா உசிர வாங்குன சனியன். ஒரே மத்தியானத்துல சரி பண்ணிட்டியே.”

அஞ்சலாட்சி இரண்டடி பின்னால் நின்றாள்.

ராமலிங்கம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இல்லைங்க என்று சொல்லத்தான் பக்கிரி வாயைத் திறந்தான். வந்தது வேறு.

“சின்ன வேலைதாங்க,” என்றான்.

வீடுவரைக்கும் அஞ்சலாட்சி ஒன்றும் பேசவில்லை. சோறு போட்டாள், குழந்தையைத் தூங்கவைத்தாள். பக்கிரியால்தான் தாங்க முடியவில்லை.

“நீதான்னு சொன்னா ஒன் வேலை போயிடும். அதனாலதான்.”

“ஆமாம்,” என்றாள். “அதனாலதான் சொல்லல. அப்பறம் ஏன் சிரிச்ச?”

சிரித்தது அவனுக்கே தெரியாது.

அம்மாவாசையின் வீடும் முத்தியால்பேட்டைதான். சேதி தெருவுக்குத் தெரிந்தது. டீக்கடையில் அவனைக் கண்டால் இடம் விட்டார்கள். ‘கம்ப்யூட்டர் பக்கிரி’ என்று ஒருவன் கூப்பிட, அதுவே நிலைத்தது. அப்படியில்லை என்று சொல்ல நாள் நாளாக வாய்ப்பு வந்தது. ஒவ்வொரு நாளும் அது இன்னும் கஷ்டமாயிற்று. வீட்டிலோ அஞ்சலாட்சி ஆபீஸ் பேச்சையே நிறுத்திவிட்டாள். குழம்பில் உப்பு சரியா, குழந்தைக்கு இருமல் எப்படி, அவ்வளவுதான். ராத்திரி பெட்டியைத் திறந்தால் வந்து வெளிச்சம் பிடிப்பாள். எதுவும் கேட்க மாட்டாள். சுப்பிரமணியன் சார் பேச்சாவது வராதா என்று பக்கிரிக்கு ஏங்கும்படி ஆகிவிட்டது.

ஒரு மாதம் கழித்து ராமலிங்கம் ஆள் அனுப்பினார். சேதராப்பட்டில் அவருக்குத் தெரிந்த பிளாஸ்டிக் பாட்டில் கம்பெனி. அங்கேயும் கம்ப்யூட்டர், அங்கேயும் கடிகாரம் பின்னுக்குப் போகிறது. பக்கிரி போய்ப் பார்க்க முடியுமா?

அஞ்சலாட்சியிடம் சொல்லாமல் பக்கிரி லீவு போட்டான். ஒரு பிற்பகல் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான், களிம்பைத் துடைக்க வேண்டும், கம்பி வைக்க வேண்டும், அவ்வளவுதானே. தானே செய்துவிட்டால் அப்புறம் அந்தப் பெயர் பொய்யில்லை என்று நினைத்தான். ராடையும் ஸ்பிரிட்டையும் கேரியரில் கட்டிக்கொண்டு சேதராப்பட்டுக்கு மிதித்தான்.

அங்கே கணக்கு பார்த்தவர் தனக்கொடி என்ற நடுவயது அம்மாள். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, “நீங்க பாருங்க, நாங்க யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம்” என்று சொல்லி, பக்கத்திலேயே நின்றார்.

பக்கிரி மூடியைக் கழற்றினான். இது வேறு மாதிரி இருந்தது. போர்டு வேறு, பெட்டி வேறு. களிம்பு எங்கேயும் இல்லை. பேட்டரியே எங்கேயும் இல்லை. ஒவ்வொரு சில்லாகப் பார்த்தான். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. எதையாவது சுரண்டி, எங்கேயாவது ஈயம் வைத்து, ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தான். ராடு சூடாகிக்கொண்டிருந்தது. கெடுத்துவிடுவோம் என்று தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கினான்.

“ஒரு போன் போடணும்,” என்றான்.

மறுமுனையில் அஞ்சலாட்சியே எடுத்தாள்.

“அஞ்சலை,” என்றான், ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு. “சேதராப்பட்டுல இருக்கேன். இது வேற மாதிரி இருக்குது. பேட்டரியவே காணல.”

“பக்கத்துல யாரு இருக்காங்க?”

“தனக்கொடி அம்மான்னு ஒருத்தங்க.”

“அவங்ககிட்ட சொல்லிட்டு அப்பறம் கூப்புடு.”

“என்னான்னு சொல்ல?”

“ஒனக்குத் தெரியும்.”

“ஒன் வேலை போயிடும், புள்ள.”

“போனா போவட்டும்,” என்று வைத்துவிட்டாள்.

பக்கிரி ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றான். தனக்கொடி அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அந்தக் கம்ப்யூட்டர சரி பண்ணது நான் இல்லீங்க,” என்றான். “எங்க வீட்லதான் பண்ணாங்க. நான் டார்ச்சு புடிச்சேன்.”

“ஒங்க சம்சாரமா?”

“ஆமாங்க. அங்கயே வேலை செய்யிறாங்க.”

“அப்ப அவங்களையே அனுப்பியிருக்கலாமே,” என்றார் அந்த அம்மாள், ஏதோ மாற்றிக் கொண்டுவந்த பார்சலைப் பற்றிச் சொல்வதுபோல. உடனே போனை எடுத்து ராமலிங்கத்தையே கூப்பிட்டுவிட்டார். பக்கிரி வாசலில் போய் நின்றுகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் கார் வந்தது. ராமலிங்கமே ஓட்டிவந்தார். பின்சீட்டிலிருந்து அஞ்சலாட்சி இறங்கினாள். முதலாளியின் முகம் கடுகடுவென்று இருந்தது. பக்கிரியைப் பார்க்கவும் இல்லை. அஞ்சலாட்சியும் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அவளும் போர்டைப் பார்த்தாள். அவளுக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. விரலை ஒரு வயர் மேல் வைத்து அது எங்கே போகிறதென்று மெல்லத் தொடர்ந்துகொண்டே போனாள். பெட்டியின் உட்சுவரில், மடிப்புக்குப் பின்னால், ஒரு கறுப்பு டப்பா ஒட்டியிருந்தது. பக்கிரியும் அதைப் பார்த்திருந்தான். வேறேதோ என்று விட்டுவிட்டான். அவள் மூடியைத் தள்ளினாள். சின்னப் பென்சில் கட்டைகள், டார்ச்சுக்குப் போடுகிற மாதிரி. ஸ்பிரிங்கில் துரு.

“உப்புத்தாள் இருக்குதா?” என்று கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

பக்கிரி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

துருவைத் தேய்த்தாள். தனக்கொடி அம்மாள் கடையிலிருந்து புதுக் கட்டைகள் வரவழைத்தார். போட்டு, நேரத்தைத் திருத்தி, அணைத்தாள். “நாளைக்குக் காலைல பாத்தாதாங்க தெரியும். இப்ப சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

ராமலிங்கம் அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், “என்னக் கேக்காம தொறந்தது தப்பு” என்றார்.

“தப்புதாங்க.”

“போர்டு போயிருந்தா?”

“போயிருந்தா என் வேலையும் போயிருக்குமுங்க. தெரிஞ்சிதான் செஞ்சேன்.”

“இனிமே கேட்டுட்டுத் தொற,” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் போகும்போது அவளை ஏற்றிக்கொள்ளவில்லை.

அதனால் அஞ்சலாட்சி பக்கிரியின் சைக்கிளில்தான் உட்கார்ந்து வந்தாள். எதிர்க்காற்று. இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை. கோரிமேட்டு ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளினான். அவளும் இறங்கிக் கூட நடந்தாள்.

“டீக்கடைல நான் போய்ச் சொல்லிடறேன்,” என்றான்.

“சொல்லு.”

“சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும்.”

இன்னும் கொஞ்சம் நடந்தார்கள்.

“மாமா, ஒனக்கு எம்மேல பொறாமையா?” என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இல்லை என்று சொல்வது சுலபம். பக்கிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே யோசித்தான்.

“இருக்குது,” என்றான். “அந்த எஞ்சினியர் மேல இருந்துச்சி. இப்ப ஒம்மேல இருக்குது.”

அவள் நின்றுவிட்டாள். “எஞ்சினியர் மேலயா? அவரு மேல எதுக்கு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் முதலில் கோபம் வந்தது. “சீ,” என்றாள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வேகமாக நடந்தாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனான். மேட்டின் உச்சியில் அவள் நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிட்டப் போய்ப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.

“அந்த ஆளுக்கு வழுக்க மாமா,” என்றாள். “தொப்ப வேற.”

“நீ சொல்லவே இல்லியே.”

“நீ வயசத்தான கேட்ட.”

பக்கிரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அந்தப் பொறாமை முழுக்கப் போய்விடவும் இல்லை; பின்னாளில் சேதராப்பட்டிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் அவளைத் தேடி ஆள் வந்தபோதெல்லாம், வாசலில் நின்று “அக்கா இருக்காங்களா?” என்று கேட்டபோதெல்லாம், அது உள்ளே ஒருதரம் சுருக்கென்று குத்திவிட்டுத்தான் அடங்கியது. அன்றைக்கு அவன் செய்ததெல்லாம் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்து அவளை ஏறச் சொன்னதுதான். இறக்கத்தில் காற்று இருவர் காதையும் அடைத்தது. அவள் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, அந்தக் கறுப்பு டப்பாவை ஏன் அவ்வளவு மறைவான இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதி காதில் விழவில்லை.

“என்னா சொன்ன? திருப்பிச் சொல்லு,” என்று பக்கிரி கத்திக் கேட்டான்.